திண்டிவனத்தாரின் பலவீனம்

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பின்புறம், ஒரு சைக்கிள் கடையின் மாடியில் தேவசகாயம் தட்டச்சுப் பயிற்சி நிலையம் நடத்தி வந்தான். படியேறும் இடத்தில் இரண்டு பலகைகள் தொங்கின. தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுத் தரப்படும் என்றது பழைய பலகை. இன்டர்வியூவில் வெற்றி பெற அனுபவம் மிக்க ஆசிரியரால் பயிற்சி அளிக்கப்படும் என்றது புதியது.

அனுபவம் என்னவோ உண்மைதான். ரயில்வே, வங்கி, இன்ஷூரன்ஸ், மின்வாரியம் என்று தேவசகாயம் ஏறாத இன்டர்வியூ வாசல் கிடையாது. எல்லா வாசல்களிலிருந்தும் போன மாதிரியே திரும்பி வந்திருந்தான். இருபத்தொன்பது வயதுக்குள் சேர்ந்துவிட்ட அந்த அனுபவத்தை வீணடிக்க மனசில்லாமல்தான் புதிய பலகையை எழுதி மாட்டினான். ஆனால் மாணவர்களிடம் கதை வேறு மாதிரி சொல்லப்பட்டது.

“வந்த வேலையெல்லாம் நான்தான் வேணாம்னுட்டேன்,” என்பான். “நான் ஒரு ஆபீஸ்ல போய் உக்காந்துட்டா உங்களையெல்லாம் யாரு தேத்தி விடறது?”

மாணவர்கள் நம்பினார்கள். சொல்லிச் சொல்லி அவனுக்கே அது பாதி உண்மையாகிவிட்டிருந்தது. நம்பாத ஒரே ஆள் அவனுடைய அக்கா சவுரியம்மாள். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். தம்பியின் ஒவ்வொரு இன்டர்வியூவுக்கும் சட்டைக்குக் கஞ்சி போட்டுக் கொடுத்தவள் அவள்தான்.

எண்பத்தேழாம் வருஷம் கோடையில் பேப்பரில் ஒரு விளம்பரம் வந்தது. சென்னையில் உள்ள ஒரு கம்ப்யூட்டர் கன்சல்டன்சி கம்பெனி, விழுப்புரம் பக்கத்துச் சர்க்கரை ஆலை ஒன்றின் கரும்புக் கணக்கை மெஷினில் ஏற்றும் வேலையை எடுத்திருந்தது. அதற்காகத் தென்னாற்காட்டுப் பட்டதாரிகளை எடுத்துச் சென்னையில் பழக்கப் போகிறார்கள். இன்டர்வியூ விழுப்புரத்தில், ரயிலடிக்கு எதிரே ஒரு லாட்ஜில் என்று போட்டிருந்தது. தேவசகாயத்தின் மாணவர்களில் ஐந்தாறு பேருக்கு அழைப்பு வந்தது. மாடியில் பயிற்சி சூடு பிடித்தது.

தட்டச்சு மேஜைக்குப் பின்னால் தேவசகாயம் அதிகாரியாக உட்கார்ந்துகொள்வான். ஒவ்வொருவராக வெளியே படிக்கட்டுக்குப் போய், கதவைத் தட்டி, அனுமதி கேட்டு உள்ளே வரவேண்டும். நாற்காலியைத் தரையில் இழுக்கக் கூடாது, தூக்கி வைக்க வேண்டும். உட்கார்ந்ததும் முதுகு நாற்காலியில் சாயக் கூடாது. கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று கேட்டால் கரும்பலகையில் எழுதியிருக்கிற நான்கு வரியை மூச்சு விடாமல் சொல்ல வேண்டும். கரும்பலகையில் மூன்று பெட்டிகள் வரைந்து அம்புக்குறியால் இணைத்திருந்தான். கம்ப்யூட்டரை அவன் பார்த்தது அந்தப் படத்தில் மட்டும்தான். அதையும் அவனேதான் வரைந்திருந்தான்.

“அப்புறம் கடைசியா ஒரு கேள்வி கேப்பாங்க. உன்னோட பலவீனம் இன்னா? இங்கதான் எல்லாரும் விழுவாங்க. கோவம் வரும், மறதி ஜாஸ்தி, அப்படியெல்லாம் உளறக் கூடாது. ‘அளவுக்கு மீறி உழைக்கிறதுதான் என் பலவீனம்.’ இங்கிலீஷ்ல, நிறுத்தி, லேசா சிரிச்சிக்கினு சொல்லணும். கேட்டவன் ஆடிப் போயிடுவான்.”

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். பாஞ்சாலி மட்டும் பேனாவைத் திறக்கவில்லை. ஒலக்கூர் பக்கத்துப் பெண். திண்டிவனம் கல்லூரியில் கணக்குப் படித்து முடித்துவிட்டுத் தட்டச்சில் லோயர் பாஸ் பண்ணியிருந்தாள். சந்தேகம் கேட்பது அவள் வழக்கம். கேட்கும்போது முகத்தில் ஒரு குறும்பும் இருக்காது. அதுதான் தேவசகாயத்துக்குச் சங்கடம்.

“சார், நான் அப்படிச் சொன்னா எங்கப்பா சிரிப்பாரு சார்.”

“உங்கப்பாவா இன்டர்வியூ பண்றாரு?”

“இல்ல சார். கன்சல்டன்சின்னா இன்னா சார்?”

இதற்கு அவனிடம் பதில் தயாராக இருந்தது. “நமக்கு ஒடம்பு சரியில்லன்னா டாக்டர்கிட்ட போறோம்ல? அந்த மாதிரி கம்பெனிங்களுக்கு முடியலன்னா இவங்ககிட்ட வருவாங்க. இவங்க பாத்து மருந்து குடுப்பாங்க.”

“இன்னா மருந்து?”

“கம்ப்யூட்டர்தான்.”

“எல்லா வியாதிக்கும் ஒரே மருந்தா சார்?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தேவசகாயம் மணியைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு இது போதும் என்றான்.

பாஞ்சாலிக்கும் மற்றவர்களுக்கும் தெரியாதது ஒன்று உண்டு. அந்த விளம்பரத்துக்கு அவனும் விண்ணப்பம் போட்டிருந்தான். அவனும் தபால் வழியில் ஒரு பட்டம் வாங்கியவன்தான். அவனுக்கும் அழைப்பு வந்திருந்தது. நல்ல வேளையாக, மாணவர்களுக்கு வியாழக்கிழமை, அவனுக்கு வெள்ளிக்கிழமை. புதுச்சேரியில் ஒரு கல்யாணம் என்று சொல்லி இரண்டு நாளும் நிலையத்தைப் பூட்டினான்.

வெள்ளிக்கிழமை காலையில் சவுரியம்மாள் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டே கேட்டாள். “இந்தக் கம்பெனியில இன்னாடா வேலை?”

“கன்சல்டன்சி. மத்த கம்பெனிங்களுக்கு யோசனை சொல்றது.”

“யோசனை சொல்றதுக்கு சம்பளமா? நம்ம தெருவுல எல்லாரும் சும்மாவே சொல்லிக்கினு இருக்காங்களே.” கஞ்சி மொடமொடக்கும் சட்டையை அவன் கையில் கொடுத்தாள். “ஜல்தியா கிளம்பு. டையை இங்கயே கட்டாத. பஸ்ஸுல எவனாவது ஸ்டேஷன் மாஸ்டர்னு நெனச்சி ரயிலுக்கு டைம் கேக்கப் போறான்.”

அவள் கிண்டலுக்குச் சொன்னாலும் அவன் அப்படியே செய்தான். விழுப்புரத்தில் இறங்கி, ஒரு பாத்திரக் கடையின் கண்ணாடியில் பார்த்து டையைக் கட்டிக்கொண்டான். வெயில் மண்டையைப் பிளந்தது. லாட்ஜின் மாடிப்படி ஏறுவதற்குள் கஞ்சியெல்லாம் வியர்வையில் கரைந்து சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

மாடிக் கூடத்தில் பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். நடுப் பெஞ்சில் பாஞ்சாலி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய அப்பா சக்கரபாணி, மடியில் மஞ்சள் பையோடு இருந்தார்.

தேவசகாயம் திரும்பிப் படியிறங்கப் பார்த்தான். அதற்குள் சக்கரபாணி எழுந்து நின்று கும்பிட்டுவிட்டார்.

“வாங்க சார், வாங்க. பாத்தியா பாஞ்சாலி, கல்யாணத்தக் கூட விட்டுட்டு உனக்குத் தொணையா வந்துட்டாரு. யாரு செய்வாங்க இந்தக் காலத்துல.”

நேற்று முழுக்க விழுப்புரத்தில் கரண்ட் இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. கம்பெனிக்காரர்கள் சென்னையிலிருந்து ஒரு கம்ப்யூட்டரையே காரில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். அது ஓடாததால் வியாழக்கிழமைக்காரர்கள் அத்தனை பேரையும் இன்று காலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கு வாய்மொழிக் கேள்விகள் முடிந்திருந்தன. தேவசகாயத்தின் மற்ற மாணவர்கள் உட்பட முக்கால்வாசிப் பேரை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. பாஞ்சாலியையும் இன்னும் இரண்டொருவரையும் மட்டும், மெஷினில் ஒரு பரீட்சை இருக்கிறது என்று இருக்கச் சொல்லியிருந்தார்கள்.

“ஒக்காருங்க சார்,” என்று சக்கரபாணி இடம் விட்டார். பையிலிருந்து அவித்த வேர்க்கடலையை எடுத்து அவன் கையில் ஒரு பிடி வைத்தார். “நம்ம கொல்லையில வெளஞ்ச மல்லாட்ட.”

தேவசகாயம் தோலை உரித்து உரித்து வாயில் போட்டுக்கொண்டான். துணைக்கு வந்தவன் டை கட்டிக்கொண்டு வருவானா என்று பாஞ்சாலி கேட்கவில்லை. டையை ஒருமுறை பார்த்தாள், அவன் முகத்தை ஒருமுறை பார்த்தாள், பிறகு ஜன்னல் பக்கம் பார்க்கத் தொடங்கினாள். கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை போலிருந்தது அவனுக்கு. யாருக்கும் தெரியாமல் எழுந்து போய் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடலாமா என்று யோசித்தான். ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒரு வேலையை விடுவதா, ஒரு வேலைக்காக ஒரு பொய்யை விடுவதா என்று அவன் எடை போட்டுக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

“தேவசகாயம், திண்டிவனம்,” என்று கூப்பிட்டார் ஒரு குமாஸ்தா.

யாரும் எழவில்லை.

“பாருங்க சார்,” என்றார் சக்கரபாணி, “உங்க ஊர்லயே உங்க பேர்ல இன்னொருத்தர் இருக்காரு போல.”

குமாஸ்தா மறுபடி கூப்பிட்டார். தேவசகாயம் கையிலிருந்த மல்லாட்டைத் தோலை எங்கே போடுவது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தான். பாஞ்சாலி உள்ளங்கையை நீட்டித் தோலை வாங்கிக்கொண்டாள்.

“போங்க சார்,” என்றாள் மெதுவாக. “நாற்காலியைத் தூக்கி வெச்சி உக்காருங்க.”

அவன் எழுந்தான். காது மடல் வரை சூடாகியிருந்தது. பின்னால் சக்கரபாணி, “அப்ப தொணைக்கு வரலியா?” என்று மகளிடம் கேட்பது காதில் விழுந்தது. “தொணைக்குந்தான்ப்பா வந்திருக்காரு,” என்றாள் அவள். உடனே அவசரமாக, “சார், ஒண்ணு மட்டும், அந்தப் பலவீனம்...” என்று ஏதோ சொல்ல வந்தாள். குமாஸ்தா கதவைச் சாத்திவிட்டார்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் கம்பெனியின் மேலாளர், டை கட்டாமல், முழங்கை வரை சுருட்டிய சட்டையில். அவருக்கு இந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி. அந்தப் பக்கம் சர்க்கரை ஆலையின் கரும்புக் கணக்குப் பிரிவைப் பார்க்கும் விருத்தாசலம். நெற்றியில் விபூதிப் பட்டையோடு, தனக்கும் இந்தச் சமாசாரத்துக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

தேவசகாயம் எல்லாவற்றையும் சரியாகச் செய்தான். நாற்காலி சத்தமே போடவில்லை. முதுகு சாயவில்லை. கம்ப்யூட்டர் என்றால் என்ன என்பதை நான்கு வரியில், மூச்சு விடாமல் சொன்னான். மேலாளரின் உதட்டோரம் லேசாக இழுத்துக்கொண்டதைப் பார்த்து, ஆள் மயங்குகிறார் என்று நினைத்துக்கொண்டான்.

“உங்களுடைய பலவீனம் என்ன?” என்று ஆங்கிலத்தில் கேட்டார் அவர்.

அளவுக்கு மீறி உழைப்பதுதான் என்று தேவசகாயம் நிறுத்தி நிதானமாக, லேசாகச் சிரித்துக்கொண்டே சொன்னான்.

மேலாளர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பெண் அதிகாரி கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். இவ்வளவு பெரிய பலனை அந்தப் பதிலிடம் தேவசகாயமே எதிர்பார்க்கவில்லை.

மேலாளர் நிமிர்ந்து, தமிழுக்கு மாறினார். “காலையிலேர்ந்து உங்க ஊர்க்காரங்க வரிசையா வர்றாங்க. எல்லாருக்கும் இதே பலவீனம். எல்லாரும் இதே இடத்துல நிறுத்தி இதே மாதிரி சிரிக்கறாங்க. திண்டிவனத்துல தண்ணியில ஏதாவது கலந்திருக்கா?”

சமாளிப்பதற்கு எந்தக் கரும்பலகையிலும் எதுவும் எழுதியிருக்கவில்லை.

“நான்தான் சார் சொல்லிக் குடுத்தேன்,” என்றான்.

“புரியல.”

“இன்டர்வியூவுக்குப் பயிற்சி குடுக்கறேன் சார். அவங்கெல்லாம் என் ஸ்டூடன்ட்ஸ்.”

அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த விருத்தாசலம் முதல்முறையாக அவன் பக்கம் திரும்பினார். பெண் அதிகாரி கைக்குட்டையை எடுத்துவிட்டு, “அப்போ அந்தப் பாஞ்சாலி?” என்று கேட்டார்.

“அதுவும் என் ஸ்டூடன்ட்தான் மேடம்.”

“அந்தப் பொண்ணு மட்டும் வேற சொல்லுச்சு. காலையில எழுந்திரிக்கறதுதான் கஷ்டம், தூக்கம்தான் என் பலவீனம்னு. அப்பா வெளிய இருக்காரு, வேணும்னா கேட்டுக்கங்கன்னு சொல்லுச்சு.”

தன் மாணவி தன் பேச்சைக் கேட்காததற்காக வருத்தப்படுவதா, சந்தோஷப்படுவதா என்று தேவசகாயத்துக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த அறையில் உண்மையைச் சொன்னபின் நெஞ்சில் ஒரு காற்றோட்டம் வந்திருந்தது. அதற்கப்புறம் கேட்டதற்கெல்லாம் தனக்குத் தெரிந்ததைச் சாதாரணமாகச் சொன்னான். கம்ப்யூட்டரைப் பார்த்திருக்கிறீர்களா என்றதற்கு, இல்லை, வரைந்திருக்கிறேன் என்றான். மூலையில் துணி போட்டு மூடியிருந்ததைக் காட்டி, அதுதான் என்றார்கள். உள்ளே வரும்போதே அதைப் பார்த்திருந்தான். லாட்ஜ்காரன் டிவியை மூடி வைத்திருக்கிறான் என்று நினைத்திருந்தான்.

மெஷின் பரீட்சைக்கு அவனையும் இருக்கச் சொன்னார்கள்.

பரீட்சை சுலபமாகத்தான் தெரிந்தது. ஒரு தாளில் மெஷினுக்கான கட்டளைகளைப் பத்துப் பதினைந்து வரிகளில் அச்சடித்துக் கொடுத்தார்கள். அதை அப்படியே மெஷினில் அடிக்க வேண்டும், ஓடாவிட்டால் ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும். அடிப்பதா? தேவசகாயம் விரல்களைச் சொடுக்கிக்கொண்டான். கொட்டும் மழை மாதிரி அடித்தான். இந்த வேகத்தை அவர்கள் சென்னையிலேயே பார்த்திருக்க மாட்டார்கள். மேலாளர் எழுந்து வந்து பின்னால் நின்று பார்த்தார். அடித்து முடித்ததும் திரையில் பிழை என்று ஒரு வரி வந்தது. தேவசகாயம் மொத்தத்தையும் மறுபடி முதலிலிருந்து, இன்னும் வேகமாக அடித்தான். அதே பிழை வந்தது. மூன்றாம் முறையும் அடித்தான்.

“மிஸ்டர் தேவசகாயம்,” என்றார் பெண் அதிகாரி, ஒரு குழந்தையிடம் சொல்வதுபோல், “நீங்க ரொம்ப வேகமா தப்புப் பண்றீங்க.”

விஷயம் இதுதான். அவனுடைய நிலையத்தில் இருந்த பழைய தட்டச்சு மெஷின்களில் ஒன்று என்ற எண்ணுக்குத் தனி விசை கிடையாது. ஆங்கில எழுத்து ‘எல்’லைச் சின்னதாக அடித்தால் பார்வைக்கு ஒன்று மாதிரியே இருக்கும். எல்லோரும் அப்படித்தான் அடிப்பார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மெஷினுக்கு அப்படியில்லை. எண் வரவேண்டிய இடத்திலெல்லாம் எழுத்து வந்து நிற்கிறதே என்று அது முறையிட்டுக்கொண்டிருந்தது.

அவனுக்கு அடுத்து பாஞ்சாலி உட்கார்ந்தாள். அவளும் அவனிடம் பழகியவள்தானே, அவளுக்கும் அதே பிழைதான் வந்தது. அவள் மறுபடி அடிக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். பிறகு விசைப்பலகையை, கடைக்காரன் தராசை ஆராய்கிற மாதிரி, வரிசை வரிசையாகப் பார்த்தாள். மேல் வரிசையில் இடது ஓரத்தில் ஒன்றுக்கென்றே ஒரு விசை இருந்தது.

சாயங்காலம் குமாஸ்தா வெளியே வந்து மூன்று பெயர்களைப் படித்தார். பாஞ்சாலியின் பெயர் இருந்தது. தேவசகாயத்தின் பெயர் இல்லை. சக்கரபாணி மகளை விட்டுவிட்டுத் தேவசகாயத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“எல்லாம் நீங்க குடுத்த படிப்பு சார்.”

“இல்லீங்க. நான் சொல்லிக் குடுத்ததை அது செய்யவே இல்ல. அதனாலதான் கிடைச்சது,” என்றான் தேவசகாயம். அவன் உண்மையைத்தான் சொன்னான். சக்கரபாணி அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

பாஞ்சாலி, “சார், எல்லாரும் அதே பலவீனத்தச் சொல்லி சிரிப்பாயிடுச்சின்னு உங்ககிட்ட வெளியிலேயே சொல்லியிருக்கணும். கதவைச் சாத்திட்டாங்க,” என்றாள். அவள் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. அவன் டையைக் கழற்றிச் சுருட்டிக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, டீ குடிக்கலாம் வாங்க என்றான். இன்டர்வியூவில் தோற்பது அவனுக்குப் பழக்கம்தான். ஆனால் தோற்றதைப் பக்கத்தில் இருப்பவர்களிடம் மறைக்க வேண்டியதில்லாமல் தோற்பது இதுதான் முதல் தடவை. வயிறு நன்றாகப் பசிப்பதை அப்போதுதான் கவனித்தான்.

கீழே டீக்கடையில் வடையைப் பிட்டுக்கொண்டிருந்தபோது விருத்தாசலம் வந்து எதிரே நின்றார்.

“தம்பி, உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும். எங்க மில்லுல கரும்புக் கணக்கு எழுதறவங்க நெறைய பேர் இருக்காங்க. மிஷின் வருதுன்னதுலேர்ந்து ஒருத்தனுக்கும் தூக்கம் இல்ல. இவங்க ஆளு ஒருத்தர் போன வாரம் வந்து பாடம் எடுத்தாரு. நல்லாத்தான் எடுத்தாரு. ஒரு எழவும் புரியல.” கூச்சத்தோடு சிரித்தார். “அவருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. நாங்க எங்க மாட்டிக்குவோம்னு அவருக்குத் தெரியல. நீ இன்னிக்கு அந்த மிஷின்ல அடிச்ச பாரு, எங்க ஆளுங்களும் அப்படியேதான் அடிப்பாங்க. அதே எல்லு. அதே மூணு தடவை.”

“அதுக்கு?”

“வாரத்துல மூணு நாள் சாயங்காலம் வந்து அவங்களுக்குச் சொல்லிக் குடு. மேனேஜர்கிட்ட பேசிட்டேன். அவரும் சரின்னுட்டாரு, இன்னும் சிரிச்சிக்கினுதான் இருக்காரு. அடுத்த வாரம் மிஷின் வந்துடும்.”

தேவசகாயம் வடையை வைத்துவிட்டான். “ஐயா, நான் அதை இன்னிக்குத்தான் முதல் தடவையா பாத்தேன்.”

“எங்க ஆளுங்க இன்னும் பாக்கவே இல்லியே,” என்றார் விருத்தாசலம். “எங்களுக்கு நீ ஒரு நாள் முன்னால இருந்தா போதும்.”

திண்டிவனம் பஸ்ஸில் கூட்டம் இல்லை. சக்கரபாணி ஜன்னலோரம் உட்கார்ந்து, பை மடியில் இருக்க, விக்கிரவாண்டி வருவதற்குள் தூங்கிவிட்டார். மகளுக்குத் தூக்கம் எங்கிருந்து வந்தது என்பது விளங்கியது. பாஞ்சாலி வெளியே கரும்புத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேவசகாயம் முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான், மூடிக்கொண்டான். மறுபடி திரும்பினான்.

“நீ எப்ப மெட்ராஸ் போற?”

“பத்து நாள் ஆகும் சார்.”

“அந்த மிஷினு,” என்று தொடங்கியவன், கண்டக்டர் தாண்டிப் போகும்வரை காத்திருந்தான். “அதை எங்க ஆன் பண்றாங்க?”

பாஞ்சாலி சிரிக்கவில்லை. சிரிப்பை எங்கே வைத்தாளோ தெரியவில்லை. அப்பாவின் தோளை மெல்ல நகர்த்திவிட்டு முன்னால் குனிந்தாள்.

“பின்பக்கம் ஒரு சுவிட்சு இருக்கு சார். முதல்ல அதைப் போடக் கூடாது. அதுக்கு முன்னால இன்னொண்ணு செய்யணும்...”

அவள் அந்த மேடம் செய்ததைப் பார்த்து வைத்திருந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னாள். தட்டு மாதிரி ஒன்றை எந்தப் பக்கமாக உள்ளே செருகினார்கள், திரையில் முதலில் என்ன வந்தது, எப்போது கையை எடுத்துவிட வேண்டும் என்று. முன் சீட்டின் கம்பியில் விரலால் அடித்துக் காட்டினாள். பஸ் கூட்டேரிப்பட்டில் நின்று ஆளேற்றிக்கொண்டு கிளம்பியது.

“புரிஞ்சுதா சார்?”

தேவசகாயம் தலையை ஆட்டப் போனான். மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்த விதம் அதுதான். புரிந்தாலும் புரியாவிட்டாலும் தன்னம்பிக்கையோடு தலையை ஆட்ட வேண்டும்.

“புரியல,” என்றான். “இன்னொரு தடவை மொதல்லேர்ந்து சொல்லு.”